தகப்பன் கையெழுத்து இல்லாத விண்ணப்பம்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து திவ்யா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு விசா மேசையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். ஒரு கைக்குழந்தைக்கு விசிட்டர் விசா போட வேண்டியிருந்ததாம். புதிதாக வாங்கியிருக்கும் மென்பொருளில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் படிவம் தானே நிரம்பிவிடுகிறதாம்.

“போட்டோ, பாஸ்போர்ட், பர்த் சர்ட்டிபிகேட், அப்பா அம்மா கையெழுத்து. அவ்வளவுதானுங்களேக்கா? கைக்கொழந்தைக்கு என்ன சம்பளமா, சொத்தா, கேக்கறதுக்கு? நீங்க கொழந்தை கேஸ்னா அரை நாள் உட்காந்துக்குவீங்களாமா, நம்ம மொதலாளி பாய் சொல்லிச் சிரிக்கறாருங்க.”

“அப்பா அம்மா கையெழுத்தை எப்படி வாங்கினே?”

“வாட்ஸ்அப்ல அனுப்பிச்சாங்க. பிரிண்ட் போட்டுட்டேன்.”

பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். சொல்வதானால் முழுவதும் சொல்ல வேண்டும். அதற்குப் போன் போதாது. அதனால் எழுதுகிறேன்.

கோவையில் ஒரே டிராவல் ஏஜென்சியில் என் வேலைக்காலம் கழிந்தது. டைப்ரைட்டிங் முடித்த கையோடு சேர்ந்தேன். முதலில் டிக்கெட், பிறகு பாஸ்போர்ட் விண்ணப்பம், கடைசியில் விசா. தொழிலைக் கற்றுக்கொண்ட விதம் எல்லோருக்கும் உள்ளதுதான். விண்ணப்பம் திரும்பி வரும், ஏன் வந்தது என்று பார்ப்போம், மறுபடி அந்தத் தப்பைச் செய்யமாட்டோம்.

முதலாளி ஜமால் பாய் கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது பாஸ்போர்ட்டை நீட்டினால் மேசையைத் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கி வைப்பார். அதன் மேல் வேறு எதையும் வைக்க விடமாட்டார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கிடைச்சுருமுங்களா?” அதற்கு அவர் ஒரு நாளும் ஆமாம் என்று சொன்னதில்லை. “கேப்போமுங்க” என்பார். ஒருவர் கோபித்துக்கொண்டு, “கேக்கறதுக்கு நீங்க எதுக்குங்க? நானே கேட்டுக்கமாட்டனா?” என்றார். “நீங்க கெஞ்சுவீங்க. நாங்க கேப்போம்” என்றார் பாய்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. படிவத்தை நிரப்பிய பிறகு, கையெழுத்துப் போடப் போகிறவரை எதிரில் உட்காரவைத்து, கேள்வியையும் பதிலையும் முதலிலிருந்து கடைசி வரை தமிழில் வாய்விட்டுப் படிப்பார். டாக்டரானாலும் சரி, மில் முதலாளியானாலும் சரி. அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். “எனக்குப் படிக்கத் தெரியுமுங்க” என்பார்கள். “தெரியாம இருக்குமுங்களா? இதெல்லாம் உங்க வாயில இருந்து வந்ததுதானான்னு நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடர்வார்.

குழந்தைகளின் படிவத்தையும் அப்படித்தான் படிப்பார். பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி ஒருவர் தன் கைக்குழந்தைக்கு விசா போட வந்திருந்தார். “விண்ணப்பதாரர் எந்த நாட்டிலாவது குற்றம் செய்து தண்டனை பெற்றிருக்கிறாரா?” என்று பாய் முகத்தில் சிரிப்பில்லாமல் கேட்டார்.

“பண்றதெல்லாம் குத்தந்தானுங்க. ராத்திரி ஊட்ல ஒருத்தரையும் தூங்க உடறதில்லை. இன்னும் கேஸ் ஆகலைங்க, அவ்வளவுதான்.”

“இல்லைன்னு போட்டுக்கோங்கம்மா” என்றார் பாய் என்னிடம்.

அந்தக் குழந்தையின் போட்டோவைக் கையில் எடுத்தபோது பாய் நெடுநேரம் பார்த்தார். வாய் தளர்ந்திருந்தது, கன்னம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கண் மட்டும் அகல விழித்திருந்தது. “கொழந்தை தூங்குது. கண்ணு மட்டும் முழிச்சிருக்குதுங்களே?” என்றார்.

வியாபாரி பெருமையாகச் சொன்னார்: “எவ்வளவு நேரம் காத்திருந்தும் எந்திரிக்கலைங்க. ஸ்டுடியோக்காரரு கம்ப்யூட்டர்ல தொறந்து வெச்சுப்போட்டாருங்க.”

“யாரு கண்ணுங்க இது?”

“மூத்தவளோடதுங்க. அக்கா கண்ணுதானுங்க, வேத்தாளு கண்ணில்லை.”

அன்று அவருடைய தோள் துண்டையே வெள்ளைப் பின்னணியாக விரித்து, குழந்தை தானாக விழிக்கும் வரை காத்திருந்து நாங்களே எடுத்தோம். மாற்றிய போட்டோ என்று கண்டுபிடித்தால் அங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள். எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் எழுதுவார்கள். அந்த ஒரு வரி அந்தக் குழந்தை வளர்ந்து படிக்கப் போகும்போதும் கூடவே போகும்.

நான் குழந்தை விசாவுக்குப் பயப்படுவது இதனால்தான். விண்ணப்பதாரருக்குப் பேச்சு வராது. அதனால் சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரும் அதற்காகப் பேசுவார்கள். நல்ல மனதோடுதான் பேசுவார்கள். தாயும் தகப்பனும் இரண்டு பேருமே கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இந்தப் பயத்தால்தான். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் குழந்தையை வேறு நாட்டுக்குக் கடத்திக்கொண்டு போய்விடக் கூடாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். நாடு எது என்பது வேண்டாம், ஐரோப்பாவில் ஒன்று.

ரங்கராஜ் அண்ணன் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகன் கார்த்தி இன்ஜினியர். இங்கே செய்த நூற்பாலை இயந்திரங்களை அங்கே இருக்கும் ஆலைகளில் பொருத்தி ஓட்டிக் கொடுப்பது அவன் வேலை. மனைவி சுகன்யா கல்யாணமான புதிதில் விசிட்டர் விசாவில் அங்கே போய் இருந்துவிட்டு, பிரசவத்துக்குக் கோபிசெட்டிபாளையத்தில் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் விசாவைப் போட்டுக் கொடுத்தது நான். அது இன்னும் காலாவதியாகவில்லை. பையன் பிறந்து, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. அவனுக்கு விசா மட்டும் பாக்கி. கார்த்தி மகனை வீடியோவில் பார்த்ததோடு சரி. பையன் தலை நின்ற பிறகு போகலாம், நிதானமாகப் போடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒரு காலையில் நாங்கள் கதவைத் திறக்கும்போதே ரங்கராஜ் அண்ணன் வாசலில் நின்றிருந்தார்.

“அவசரமாப் போடணுங்க அம்மணி. எல்லாம் கொண்டாந்துட்டேன்.”

உறையைப் பிரித்து வரிசையாக வைத்தேன். குழந்தையின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், தாயின் விசா நகல், கம்பெனியின் அழைப்புக் கடிதம். கார்த்தியின் சம்மதக் கடிதமும் கையெழுத்தோடு இருந்தது. குறை ஒன்றும் இல்லை. பாய் வந்து பக்கத்தில் நின்றார். எல்லோரிடமும் கேட்பது போலக் கேட்டார்.

“தம்பி எப்படி இருக்காருங்க?”

“நல்லாருக்கானுங்க” என்றார் ரங்கராஜ் அண்ணன். சொன்ன வேகம் சரியில்லை. பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அந்த மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆலையில் இயந்திரத்தின் ஒரு பாகத்தைச் சங்கிலியில் தூக்கும்போது அது நழுவிக் கார்த்தியை அடித்திருக்கிறது. தலையில் அடி. அன்றிலிருந்து நினைவில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை மூச்சு. பிழைப்பானா என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

“அப்ப இந்தக் கையெழுத்துங்க?” என்று நான் கேட்டேன்.

“பிரபு போட்டதுங்க. கூட வேலை பாக்கற பையன். காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தே ரெண்டு பேரும் ஒண்ணுங்க, கார்த்தி கையெழுத்து அவனுக்கு அப்படியே வரும்.”

பாய் அந்தக் கடிதத்தை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். “இத நான் பாக்கலைங்க. மருமகப் புள்ள என்ன சொல்லுது?”

“அவளுக்குத் தெரியாதுங்க.”

“எதுங்க தெரியாது?”

“ஒண்ணுமே தெரியாதுங்க. காலு ஒடஞ்சு கட்டுப் போட்டிருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறோம். பச்ச ஒடம்புக்காரிங்க. பால் குடுக்கற புள்ள. இதக் கேட்டா பால் நின்னுபோகுமுங்க. அப்பறம் அந்தக் கொழந்தைக்கு நான் என்னங்க பண்ணுவேன்? ஆஸ்பத்திரில போன் பேச உடமாட்டாங்கன்னு சொல்லிப்போட்டோம். கார்த்தி போன்ல இருந்து பிரபுதான் மெசேஜ் போட்டுட்டு இருக்கறான். அங்க போய் இறங்கிட்டா அவளே பாத்துக்குவாளுங்க.”

அங்கே போய் இறங்கி, ஒரு கையில் பையும் ஒரு கையில் குழந்தையுமாக ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் அதைத் தெரிந்துகொள்வதை நான் நினைத்துப் பார்த்தேன்.

பாய் நிதானமாகச் சொன்னார். “தகப்பனால முடியலைன்னா தாய் மட்டும் கையெழுத்துப் போடலாமுங்க. அதுக்கு வழி இருக்குது. ஆனா ஏன் முடியலைன்னு அந்தத் தாய்தான் சொல்லணும். ஆஸ்பத்திரிக் கடுதாசி வெக்கணும். தூதரகத்துல இருந்து போன் பண்ணிக் கேட்டா அந்தப் புள்ளையும் அதையே சொல்லணும். காலு ஒடஞ்ச ஆளு கையெழுத்துப் போடலாமுங்களே, ஏன் போடலைன்னு கேக்கமாட்டாங்களா?”

“அதுக்குத்தானுங்க பிரபு…”

“பிரபு போட்டது ஒரே ஒரு போன்ல தெரிஞ்சுபோகும். நினைவில்லாம கெடக்கறவரு எப்படிங்க கையெழுத்துப் போட்டாருன்னு கேப்பாங்க. அதோட அந்தக் கொழந்தைக்கும் இல்லை, தாய்க்கு இருக்கற விசாவும் போயிரும்.”

ரங்கராஜ் அண்ணன் என் பக்கம் திரும்பினார். “அம்மணி, நீங்க ஒண்ணு பண்ணுங்க. தாய் மட்டும் போடற மாதிரியே போடுங்க. உள்ளத எழுதிக்கோங்க. அந்த ஒரு எடத்த மட்டும் அவளுக்குப் படிக்காம உட்டுப்போடுங்க. எங்க காட்டறமோ அங்க போடுவா. மாமா சொன்னா எதுக்குன்னு கேக்கமாட்டா.”

“அதுக்காகத்தானுங்க படிக்கறது” என்றார் பாய்.

அந்த மனிதரை எனக்குப் புரிந்தது. என் மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது என் தம்பி விபத்தில் இறந்துபோனான். எனக்குச் சொன்னது எல்லாச் சடங்கும் முடிந்த பிறகு. பால் கொடுக்கிறவள் என்றுதான் மறைத்தார்கள். என் மேல் பிரியம் உள்ளவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு. பால் நிற்கவில்லை. தம்பி முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவும் இல்லை. ஒருவேளை அன்றே சொல்லியிருந்தால் பால் நின்றிருக்குமோ என்னவோ, அதையும் நான் சத்தியம் செய்து சொல்ல முடியாது. அவர் பயம் பொய்ப்பயம் என்று எனக்கு அடித்துப் பேச வரவில்லை.

“அண்ணா, நீங்களே சொல்லிருங்க. ஊட்ல சொல்ல முடியலைன்னா இங்க கூட்டிட்டு வாங்க. நான் பக்கத்துலயே இருக்கறேன்” என்றேன்.

மறுநாள் சுகன்யா வந்தாள். அவளை அழைத்து வந்த அவளுடைய அப்பா காரைவிட்டு இறங்கவில்லை. மாமனார் பின்னால் வந்தார். இரவெல்லாம் தூங்காத முகம்.

“ஏனுங்கக்கா, நல்லாருக்கறீங்களா? பாருங்க, உங்க புது பார்ட்டி” என்று குழந்தையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். “போட்டோ எடுக்கோணும்னு கன்னத்துப் பொட்ட அழிச்சுட்டனுங்க. உள்ளங்கால்ல வெச்சிருக்கறேன், அங்கெல்லாம் போட்டோ எடுக்கமாட்டீங்கல்ல?”

“மாட்டோம்.”

“இவங்கப்பா ஒரு காலை ஒடச்சுக்கிட்டு அங்க ராஜாவாட்டம் படுத்திருக்காருங்க. நாங்க இங்க அலையறோம். போய் இன்னொரு காலையும் ஒடைக்கறேன் இருங்க.”

நான் குனிந்து மேசையில் இருந்த காகிதங்களைச் சரிசெய்தேன். அவை ஏற்கனவே சரியாகத்தான் இருந்தன.

பாய் தன்னுடைய அறையைத் திறந்துவிட்டுத் தான் வெளியே வந்து நின்றுகொண்டார். உள்ளே நாங்கள் மூன்று பேரும் குழந்தையும். ரங்கராஜ் அண்ணன் மருமகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். வழியில் வெயிலா என்றார். மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார். குழந்தையின் காதை மூடச் சொன்னார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“மாமா, என்னங்க மாமா?” என்றாள் அவள்.

அவர் காலண்டரிடம் சொன்னார். “காலு இல்ல கண்ணு.”

“என்னங்க?”

“கார்த்திக்கு ஒடஞ்சது காலு இல்ல. தலையில அடி. இன்னும் முழிப்பு வரலை கண்ணு.”

அவள் அழுவாள் என்று தண்ணீர் கிளாசைக் கையில் பிடித்தபடி இருந்தேன். அவள் அழவில்லை. மடியில் இருந்த போனைப் பார்த்தாள். திரையைத் தொட்டு எதையோ மேலே தள்ளிக்கொண்டே போனாள்.

“அப்ப காத்தால ‘சாப்டியா’ன்னு கேட்டது யாருங்க மாமா?”

“பிரபு கண்ணு.”

“நேத்துப் பையன் குப்புற உழுந்த வீடியோ அனுப்பிச்சேன். ‘எங்கப்பனாட்டமே இருக்கறான்’னு வந்துச்சே.”

அவர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் தெரியுமுங்களா? எங்கப்பாவுக்கு, எங்கம்மாவுக்கு?”

“தெரியும் கண்ணு. நாங்கதான்… உனக்குப் பால்…”

“சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு இருந்தனேங்க மாமா” என்றாள். அப்போதுதான் குரல் உடைந்தது. பேச்சுச் சத்தத்தில் குழந்தை விழித்து வீரிட்டது. நான் ரங்கராஜ் அண்ணனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

அவள் அழுதுகொண்டேதான் பால் கொடுத்தாள். நான் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவை மெல்லத் திறந்து வெளியே பார்த்தேன். ரங்கராஜ் அண்ணன் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பாமலேயே கேட்டார்.

“குடிக்கறானுங்களா?”

“குடிக்கறானுங்க.”

“நல்லாக் குடிக்கறானுங்களா, சும்மா சப்பறானுங்களா?”

உள்ளே போய் மறுபடியும் பார்த்துவிட்டு வந்தேன். “நல்லாவே குடிக்கறானுங்க அண்ணா.” அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வயதில் ஒரு ஆண் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சுகன்யா வெளியே வந்ததும் முதலில் என்னைத்தான் கேட்டாள்.

“அக்கா, எனக்கு விசா இருக்குதுல்லைங்க. நான் மட்டும்னா இன்னிக்கே கிளம்பலாமுங்களா?”

“கிளம்பலாம்.”

“இவனுக்கு எப்ப வரும்?”

“தெரியாதும்மா. அவசரம்னு கேட்டு எழுதலாம். அப்பவும் எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது.”

“வருமுங்களா?”

பாயைப் பார்த்தேன். அவர் ‘கேப்போமுங்க’ என்ற வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை.

அன்று அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளுக்கு ஆலோசனை சொன்னார்கள். காரைவிட்டு இறங்கி வந்த அவளுடைய அப்பா, குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், புட்டிப்பால் பழக்கிவிடலாம், நீ உடனே போ என்றார். மாமனார், குழந்தையை விட்டுவிட்டு நீ போக வேண்டாம் என்றார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: “இவனை அவரு இன்னும் தொட்டதே இல்லீங்க. நான் மட்டும் போய் நின்னு என்ன பண்ணுவேன்? ரெண்டு பேருமே போறோம். போடுங்கக்கா.”

அவள் தேர்ந்தெடுத்தது எத்தனை பெரிய ஆபத்து என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். விசா வரும் முன் கார்த்திக்கு ஏதாவது ஆகிவிட்டால், இன்றே கிளம்பியிருக்கலாமே என்ற நினைப்பு அவளை வாழ்நாள் முழுவதும் விடாது.

படிவத்தில் தகப்பன் கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாக விட்டேன். ஏன் காலி என்பதற்கு விளக்கக் கடிதம் வேண்டும். நான் டைப் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவளே கையால் எழுதினாள். கணவர் சுயநினைவு இல்லாமல் இருக்கிறார், அவருடைய சம்மதத்தை இப்போது கேட்க வழியில்லை, தாயான நான் மட்டும் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாள். கம்பெனி மூலமாக ஆஸ்பத்திரிக் கடிதம் வாங்கினோம். பிரபு போட்ட கடிதத்தைப் பாய் ரங்கராஜ் அண்ணன் கையிலேயே கொடுத்துக் கிழிக்கச் சொன்னார்.

பிறகு பாய் வழக்கம்போல அவளை எதிரில் உட்காரவைத்துப் படித்தார். விண்ணப்பதாரரின் தொழில்: குழந்தை. திருமணமானவரா: இல்லை. தகப்பன் பெயர், அவர் இப்போது இருக்கும் இடம். ஆஸ்பத்திரியின் பெயரைப் படித்தார். பயணத்தின் நோக்கம் வந்தபோது அவர் குரல் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. “உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கும் தகப்பனைப் பார்ப்பதற்கு.” ஒவ்வொரு வரிக்கும் அவள் “ஆமாங்க” என்றாள். அந்த வரிக்கும் “ஆமாங்க” என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு காத்திருப்புதான். காலையில் அலுவலகம் வந்ததும் விண்ணப்பத்தின் நிலையைத் திறந்து பார்ப்பேன். பரிசீலனையில் இருக்கிறது என்றே இருக்கும். மத்தியானமும் பார்ப்பேன். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு மறுபடி உட்கார்ந்து பார்ப்பேன். திரை மாறாமல் இருப்பதைப் பார்த்துப் பயந்தேன். போன் அடித்தாலும் பயந்தேன். ரங்கராஜ் அண்ணன் பெயர் அதில் தெரிந்தால் எடுப்பதற்கு முன் மூச்சை இழுத்துக்கொள்வேன். அவர் ஒவ்வொரு முறையும், “அப்படியேதான் இருக்கறானுங்க” என்பார். அப்படியே இருப்பது நல்ல செய்தியாகிவிட்டிருந்தது.

தூதரகத்திலிருந்து கோபிசெட்டிபாளையம் வீட்டுக்குப் போன் வந்ததைச் சுகன்யாவே எனக்குச் சொன்னாள். ஓர் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்: தகப்பன் கையெழுத்து இல்லை, குழந்தை வருவதில் அவருக்குச் சம்மதம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

“நீ என்னம்மா சொன்னே?”

“எனக்கும் தெரியாதுன்னு சொன்னேனுங்கக்கா. அவரால இப்ப வேணும்னும் சொல்ல முடியாது, வேண்டாம்னும் சொல்ல முடியாது. நான் கேக்கறேன்னு சொன்னேன். தப்பாப் பேசிட்டனுங்களா?”

வேறு யாராக இருந்தாலும், ‘அவருக்குச் சம்மதம்தான், அடிக்கடி சொல்லுவார்’ என்று சொல்லியிருப்பார்கள். “உள்ளதத்தானே சொன்னே” என்று மட்டும் சொன்னேன்.

குழந்தைக்கு விசா வந்தது. அதிகாரி ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் பேசி விசாரித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. கூரியரில் வந்த உறையை அவர்கள் கையாலேயே பிரிக்கவைப்பதுதான் எங்கள் வழக்கம். ரங்கராஜ் அண்ணன் பிரித்தார். ஒட்டியிருந்த விசாவில் குழந்தையின் போட்டோ, எங்கள் அலுவலகச் சுவரின் முன்னால் எடுத்தது, இரண்டு கண்ணும் எங்களையே பார்த்தன. அன்று மாலையே டிக்கெட் போட்டேன். கார்த்தி அப்போதும் அப்படியேதான் இருந்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கைக்குழந்தையை விடமாட்டோம் என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்! இத்தனையும் செய்தோம், இதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, பாயும் கேட்கவில்லை. சுகன்யா உள்ளே போகும்போது, பிரபு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நிற்பானாம். முதல் நாள் அவள் அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். குழந்தையை அவன் கையில் கொடுத்தாளாம், அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்து ரங்கராஜ் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. கையில் புதுப் பாஸ்போர்ட். பாய் மேசையைத் துடைத்து அதை வாங்கி வைத்தார்.

“எனக்கும் ஒண்ணு போடணுங்க அம்மணி. எத்தனை நாளைக்கு அந்தப் புள்ள ஒண்டியாப் பாக்கும்?”

“தம்பிக்கு எப்படிங்க அண்ணா இருக்குது?”

“மூச்சுக் கொழாய எடுத்துட்டாங்களாமுங்க. நேத்துக் கண்ணைத் தொறந்தானாம். மருமக சொன்னா. அவ சொன்னா நெசமாத்தானுங்க இருக்கும்.”

படிவத்தைத் திறந்து பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் அடித்தேன். பயணத்தின் நோக்கம் என்ற இடம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

“எம் பையன் ஆஸ்பத்திரில இருக்கறான். தலையில அடி. கண்ணைத் தொறந்துட்டான், ஆனா ஆளு தெரியலைங்க. பொண்டாட்டியத் தெரியல, புள்ளையத் தெரியல. என்னையத் தெரியுமான்னு பாக்கப் போறேன். தெரியாமப் போனாலும் போகும். அதையும் போட்டுக்கோங்க.”

போட்டுக்கொண்டேன்.